கடலுக்குப் போகும் கிழமை, ஓட்டுப் போடும் கிழமை

(ராமநாதபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தேர்தலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அழைப்பிதழில் பார்த்திருப்பீர்கள். கட்சிகளையும் கூட்டணிகளையும் நான் தொடப்போவதில்லை. எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. ஓட்டுப் போடும் நாள் எந்தக் கிழமையில் வருகிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்தக் கிழமையால் யாருக்கு என்ன நட்டம்? இதைச் சென்னையில் கேட்டால் பேச்சு தொடர் விடுமுறையையும் வெளியூர்ப் பேருந்தையும் நோக்கிப் போகும். நம் கடற்கரையில் பதில் வேறு. இங்கே கிழமையைப் பார்த்துத்தான் யார் கடலுக்குப் போகலாம், யார் கரையில் நிற்க வேண்டும் என்பது முடிவாகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த நூற்றாண்டில் 2024 வரை, சட்டமன்றம், மக்களவை இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாடு பத்துப் பொதுத்தேர்தல்களில் வாக்களித்திருக்கிறது. 2001 மே 10 வியாழன். 2004 மே 10 திங்கள். 2006 மே 8 திங்கள். 2009 மே 13 புதன். 2011 ஏப்ரல் 13 புதன். 2014 ஏப்ரல் 24 வியாழன். 2016 மே 16 திங்கள். 2019 ஏப்ரல் 18 வியாழன். 2021 ஏப்ரல் 6 செவ்வாய். 2024 ஏப்ரல் 19 வெள்ளி. பத்தில் ஒன்றுகூடச் சனியிலோ ஞாயிறிலோ வரவில்லை. ஐரோப்பாவில் பிரான்சும் ஜெர்மனியும், ஆசியாவில் ஜப்பானும் தாய்லாந்தும் ஞாயிற்றுக்கிழமையில் வாக்களிக்கின்றன. நாம் வேலை நாளில் வாக்களித்து, அந்த நாளை விடுமுறையாக்கிக்கொள்கிறோம்.

இதற்குச் சட்டம் காரணமில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் கிழமை பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 30ஆம் பிரிவு நாள்களை எண்ணுகிறது. அறிவிக்கை வந்த ஏழாம் நாள் வேட்புமனுவுக்குக் கடைசி நாள், மறுநாள் பரிசீலனை, அதற்கு இரண்டாம் நாள் வரை மனுவைத் திரும்பப் பெறலாம், அதன் பிறகு பதினான்கு நாளாவது கழிந்தே வாக்குப்பதிவு. 56ஆம் பிரிவு, ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வாக்குப்பதிவு நடக்க வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் தேர்தல் ஆணையத்தின் முடிவு. தேதிகளை அறிவிக்கும்போது ஆணையம் தான் கவனித்தவற்றைச் சொல்வதுண்டு: பள்ளித் தேர்வுகள், பண்டிகைகள், அறுவடை, பருவமழை, பாதுகாப்புப் படைகள் மாநிலம் விட்டு மாநிலம் நகரத் தேவையான நாள்கள். அறுவடை இந்த வரிசையில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நிலத்தில் உழைப்பவரின் காலம் கணக்கில் வந்துவிட்டது.

இனி நம் கடலுக்கு வருகிறேன். இங்கே அமர்ந்திருக்கும் மீனவர்களுக்கு இது அன்றாடம் தெரிந்த செய்தி; நகரத்து மாணவர்களுக்காகச் சொல்கிறேன். பாக் விரிகுடா ஆழம் குறைந்த, குறுகிய கடல். தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய கடலில் இழுவலை போட்ட விசைப்படகுகள் பெருகியபோது நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுபட்டன. எழுபதுகளில் இந்தக் கரை நெடுகிலும் சண்டை நடந்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. தூரத்தைப் பிரித்துக் கொடுக்கும் வழி இந்தக் கடலின் அகலத்துக்குப் போதவில்லை. ஆகவே நாளைப் பிரித்துக்கொண்டார்கள். திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள் விசைப்படகுகளுக்கு. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. திங்கள் காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு ராமேசுவரம் ஜெட்டியிலிருந்து புறப்படும் விசைப்படகு இரவெல்லாம் வலை இழுத்துச் செவ்வாய் காலையில் கரை சேரும். அப்போது கடல் நாட்டுப்படகுக்காரருடையது.

மனிதர்கள் பேசி உண்டாக்கிய ஏற்பாடுகளில் இதை மிக உயர்ந்த ஒன்றாக நான் மதிக்கிறேன். எல்லைக்கல் நட முடியாத இடத்தில் கிழமையை எல்லையாக்கினார்கள். இழுவலையால் கடலுக்கு நேர்ந்த கேடு குறித்தும், எல்லை தாண்டுவதால் அக்கரைத் தமிழ் மீனவர்களுக்கு நேரும் இழப்பு குறித்தும் எனக்குக் கடுமையான கருத்துகள் உண்டு. அவை வேறொரு நாளுக்கு உரியவை. இன்று எனக்கு வேண்டியது இந்த மூன்றும் நான்கும்.

இந்த வாரத்தின் மேல் தேர்தல் கிழமையை வைத்துப் பாருங்கள். திங்கள், புதன், சனியில் வாக்குப்பதிவு வந்தால் விசைப்படகுத் தொழிலாளிக்கு அந்த வாரத்தின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அரசு ஊழியருக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை. ஆலைத் தொழிலாளிக்கும் அப்படியே. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 135பி பிரிவு, தினக்கூலி வாங்குபவருக்குக்கூட அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது என்கிறது. மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். ஆனால் கடலில் கூலி இல்லை, பங்குதான். டீசலுக்கும் ஐசுக்கும் போக மிஞ்சுவதைப் படகு உரிமையாளரான சம்மாட்டியும் ஆள்களும் பிரித்துக்கொள்கிறார்கள். படகு போகாவிட்டால் பிரிக்க ஒன்றுமில்லை. யாருடைய சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறதோ, அந்தச் சம்பளமே இங்கே இல்லை. நாட்டுப்படகுக்காரர், கரைவலை இழுப்பவர், மீன் வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கும் பெண்கள் எல்லோரும் இந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாதவர்கள்.

“பெரும்பாலான தேர்தல்கள் தடைக்காலத்தில்தானே வருகின்றன, அப்போது படகுகள் கரையில்தானே நிற்கின்றன?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. முன்பு 45 நாள் இருந்தது. 2017 முதல் 61 நாள், ஜூன் 14 வரை. 2004 முதல் 2024 வரை நடந்த ஒன்பது தேர்தல்களில் ஏழு இந்தத் தடைக்குள் விழுந்தன. ஆகவே கடல் கிழமையோடு நேராக மோதியவை குறைவு. 2011இல் தடைக்கு இரண்டு நாள் முன்பு, புதனன்று வாக்குப்பதிவு. விசைப்படகின் நாள். நீண்ட தடைக்கு முன் கடைசியாகக் கையில் நாலு காசு சேரும் வாரம் அது. 2021இல் ஏப்ரல் 6, செவ்வாய்; நாட்டுப்படகின் நாள்.

ஆனால் தடைக்காலம் என்றால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று பொருளாகாது. படகு நிற்கும், ஆள் நிற்கமாட்டார். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால், ஏப்ரலிலும் மே மாதத்திலும் நம் பிள்ளைகள் பலர் கேரளத்துத் துறைமுகங்களில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஓட்டுக்காக ஒரு நாள் ஊர் வந்து திரும்ப வேண்டுமென்றால் பயணச் செலவும் இழந்த பங்கும் அவர் தலையில். அவருக்குத் தபால் ஓட்டு இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, அரசோடு கலந்து பேசி ஒரு வகுப்பினருக்குத் தபால் வாக்கு தர ஆணையத்துக்கு வழி வைத்திருக்கிறது. முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இன்று தபால் வாக்கு உண்டு. கடலோடிகளுக்கும் அந்தக் கதவைத் திறக்க முடியும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்திலும் மன்னார் வளைகுடாக் கரையின் மற்ற ஊர்களிலும் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்குக் கிழமை கணக்கில்லை, பிறைதான் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் எடுப்பதென்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றை இழப்பது என்ன என்பதை மாதச் சம்பளக்காரர்களால் எளிதில் உணர முடியாது.

பிறையைச் சொன்னதும் அக்கரை நினைவுக்கு வருகிறது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு விடுமுறையே கிடையாது. டட்லி சேனநாயக்க அரசு அதை எடுத்துவிட்டு, நிலவின் நான்கு நிலைகளையொட்டிப் போயா நாளையும் அதற்கு முந்திய நாளையும் வார விடுமுறையாக்கியது. தலைமன்னாரில் இருந்தவருக்கு அன்று வாரம் பிறையோடு ஓடியது. அந்த ஏற்பாடு நடப்பில் இருக்கும்போதே 1970 மே 27 புதன்கிழமை பொதுத்தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. ஒரு நாட்டின் வாரமே மாற்றி அமைக்கப்படக்கூடியது என்றால், வாக்குப்பதிவின் கிழமையைப் பற்றி நாம் பேசத் தயங்க வேண்டியதில்லை.

இலங்கையிலும் கிழமை நிலையானதில்லை. 2024இல் குடியரசுத் தலைவர் தேர்தல் செப்டம்பர் 21 சனிக்கிழமை; நாடாளுமன்றத் தேர்தல் நவம்பர் 14 வியாழக்கிழமை. நான் மதிக்கும் ஒரு வழக்கம் அங்கே உண்டு. வாக்களிக்கப் போக எவ்வளவு விடுப்பு என்பதைத் தூரத்தை வைத்து அளக்கிறார்கள். 40 கிலோமீட்டருக்குள் என்றால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கொழும்பில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரருக்குப் போய் வர நேரம் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு இது. கொச்சியில் இருக்கும் நம் தங்கச்சிமடத்துப் பையனுக்கு ஒரே நாள்தான், அதுவும் அவனுக்குச் சம்பளம் தரும் முதலாளி இருந்தால். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005 நவம்பர் 17 வியாழனன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. புறக்கணிப்பும் அச்சமும் சூழ்ந்த இடத்தில் எந்தக் கிழமை வைத்தாலும் பயனில்லை. கிழமையைப் பற்றிக் கவலைப்பட முடிவதே அமைதி தந்த வசதி.

உலகத்தில் கிழமையைச் சட்டமாக்கிய நாடுகள் உண்டு. வழக்கமாக மட்டும் வைத்திருப்பவையும் உண்டு. அமெரிக்காவில் 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். ஞாயிறு தேவாலயம், அன்று பயணம் கூடாது. திங்களன்று குதிரை வண்டியில் புறப்பட்டால் செவ்வாயன்று மாவட்டத் தலைநகரில் ஓட்டு. புதன் பல இடங்களில் சந்தை நாள். உழவருக்காகச் செய்த கணக்கு. அந்த உழவர்களின் காலம் போய்விட்டது; செவ்வாய் நின்றுவிட்டது. இன்று அங்கே அது நாடு தழுவிய விடுமுறைகூட இல்லை. ஆஸ்திரேலியாவில் சட்டப்படி சனி. கனடாவில் திங்கள், தென்கொரியாவில் புதன். பிரிட்டனில் 1935 முதல் எல்லாப் பொதுத்தேர்தலும் வியாழன், ஆனால் அது வெறும் வழக்கம். ஒரு செய்தியை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் முதல் வாக்குகள் இமாசலத்தின் சினி வட்டத்தில், பனி விழுவதற்கு முன் முடித்துவிட வேண்டுமென்று, 1951 அக்டோபர் 25 வியாழனன்று பதிவாயின. சர்ச்சிலை மீண்டும் பிரதமராக்கிய பிரிட்டன் தேர்தலும் அதே நாளில்தான் நடந்தது. லண்டன் பழக்கத்தின்படி வாக்களித்தது. இமயத்தின் மடியில் பனியைப் பார்த்து நாள் குறித்தார்கள். இரண்டாவது முறைதான் எனக்கு உவப்பானது.

நம் உறவுகள் வாழும் மலேசியாவில் 2018இல் நடந்தது இன்னும் பாடமாகும். பொதுத்தேர்தல் மே 9 புதன்கிழமை என்று அங்குள்ள தேர்தல் ஆணையம் அறிவித்தது. வாரத்தின் நடுவில் வைத்தால் வெளியூரில் இருப்பவர்கள் எப்படி ஊர் வருவார்கள் என்று நாடே கொதித்தது. பிரதமர் நஜிப் ரசாக் அந்த நாளைப் பொது விடுமுறையாக அறிவித்தார். மக்கள் முன்பின் தெரியாதவர்களுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தார்கள், காரில் இடம் கொடுத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலத்தைக் கடந்து ஊர் திரும்பினார்கள். 1957 முதல் ஆண்ட கூட்டணி அன்று தோற்றது. அடுத்த பொதுத்தேர்தல் 2022 நவம்பர் 19, சனிக்கிழமை. கிழமை என்ற ஒன்றை மக்கள் கூடிக் கேள்வி கேட்டால் அது நகரும்.

இந்தியாவிலும் நகர்ந்திருக்கிறது. 2022இல் பஞ்சாப் தேர்தல் குரு ரவிதாஸ் பிறந்தநாளுக்காகப் பிப்ரவரி 14 திங்களிலிருந்து 20 ஞாயிறுக்கு மாறியது. 2023இல் ராஜஸ்தான் தேர்தல் ஏகாதசிக்காக நவம்பர் 23 வியாழனிலிருந்து 25 சனிக்கு மாறியது. அதே ஆண்டு மிசோரத்தில் வாக்கு எண்ணிக்கை ஞாயிறில் வந்ததால் கிறிஸ்தவர்கள் கேட்டுக்கொண்டபடி டிசம்பர் 4 திங்களுக்குத் தள்ளிப்போனது. 2024இல் ஹரியாணா தேர்தல் பிஷ்னோய் மக்களின் அமாவாசை விழாவுக்காக அக்டோபர் 1இலிருந்து 5க்குப் போனது. கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். 2019 ஏப்ரல் 18 பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்கும் இரவு ஆராதனையும் உள்ள நாள். தமிழக ஆயர்கள் சார்பில் உயர் நீதிமன்றம் போனார்கள், தேதி மாறவில்லை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஓட்டையும் ஆராதனையும் ஒரே நாளில் முடித்தார்கள். அன்றே மதுரையில் சித்திரைத் திருவிழாத் தேரோட்டம், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணி வரை வாக்குப்பதிவு நீட்டிக்கப்பட்டது. நம் பரமக்குடியிலும் அதே சித்திரையில் சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் வைகையில் இறங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். பரமக்குடிக்கு அந்த ஆண்டு மக்களவையோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து வந்தது. இரண்டு இயந்திரங்களில் பொத்தானை அழுத்த வேண்டிய ஊருக்கு அந்த நீட்டிப்பு இல்லை.

2024இல் வெள்ளிக்கிழமை. கேரளத்தில் ஏப்ரல் 26 வெள்ளியன்று வாக்குப்பதிவு என்றதும் முஸ்லிம் லீக்கும் இஸ்லாமிய அறிஞர் அமைப்பான சமஸ்தாவும் வெள்ளித் தொழுகையான ஜும்ஆவைச் சுட்டிக்காட்டி மாற்றக் கேட்டார்கள், மாறவில்லை. நமக்கு ஏப்ரல் 19, அதுவும் வெள்ளி. காலை 7 முதல் மாலை 6 வரை பதினொரு மணி நேரம் இருப்பதால் தொழுகையையும் ஓட்டையும் சேர்த்துச் செய்ய முடியும். ஆனால் வாக்குச்சாவடிக்குள் அமர்ந்திருக்கும் அலுவலரையும் முகவரையும் நினைத்துப் பாருங்கள். கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்குச் சிக்கலானது.

நான் சொன்ன மாற்றங்களைத் திரும்பிப் பாருங்கள். நகர்ந்தவை எல்லாம் பண்டிகைக்காகவோ வழிபாட்டுக்காகவோ நகர்ந்தன. அது சரியே, பண்டிகை மக்களுடைய உயிர். உழைப்பின் கிழமைக்காக நகர்ந்தது அந்த வரிசையில் ஒன்றுமில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேசுவரம் ஆகிய நான்கு நகராட்சிகளும் வாக்களித்தன. தடைக்காலம் இல்லை. கிழமை சனி. மாநிலம் முழுவதற்கும் சனிக்கிழமை வசதியான நாளாகத் தோன்றியிருக்கும். ராமேசுவரத்தில் அது விசைப்படகு கடலுக்குப் போகும் நாள். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் இரண்டு கட்டமாக வந்தது, 27 வெள்ளியும் 30 திங்களும். திங்களும் அப்படியே.

இந்தக் கரைக்கு எந்தக் கிழமை பொருந்தும்? என் கணக்கைச் சொல்கிறேன். தவறென்றால் கடலோடிகள் திருத்துங்கள். வெள்ளியை ஜும்ஆவுக்கும் ஞாயிறைத் திருப்பலிக்கும் விட்டுவிடுவோம். திங்கள், புதன், சனி விசைப்படகின் நாள்கள். மிஞ்சுவது செவ்வாயும் வியாழனும். இரண்டு நாளும் விசைப்படகு காலையில் கரை சேர்கிறது. மீனை இறக்கி, எடை போட்டு, குளித்துவிட்டு மாலைக்குள் ஓட்டுப் போடலாம். அவை நாட்டுப்படகின் நாள்கள்தான். ஆனால் நாட்டுப்படகுக்காரர் பலர் மாலையில் வலை வைத்து விடியலில் திரும்புகிறவர்கள். ஆறு மணிக்குச் சாவடி மூடிய பிறகும் அவர்களுக்குக் கடல் இருக்கிறது. அவர்களுடைய இழப்பு சிறிது, இல்லாமலில்லை.

234 தொகுதிகளுக்குமான தேதியைப் பாக் விரிகுடாவை வைத்து முடிவு செய்யச் சொல்வது நியாயமில்லை. ஆகவே பொதுத்தேர்தலுக்கு நான் கேட்பது வேறு. தடைக்காலத்துக்கு வெளியே திங்கள், புதன், சனியில் வாக்குப்பதிவு வந்தால், அந்த வாரத்தில் விசைப்படகுகளுக்கு மாற்று நாள் ஒன்று தர வேண்டும். நாட்டுப்படகுச் சங்கங்களின் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு அதற்கு ஈடாக வேறொரு வாரத்தில் ஒரு நாள். ராமேசுவரத்தில் டோக்கன் கொடுக்கும் மீன்வளத்துறை அலுவலகமும் சங்கங்களும் உட்கார்ந்து பேசினால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. அறிவிக்கைக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டமே குறைந்தது 24 நாள் தருகிறது. மாவட்ட ஆட்சியரே மாவட்டத் தேர்தல் அலுவலர். ஆகையால் இரண்டு பக்கத்தையும் ஒரே மேசைக்கு அழைக்க அவரால் முடியும்.

உள்ளாட்சித் தேர்தல் இதைவிட எளிது. அதன் தேதியைக் குறிப்பது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். கட்டம் கட்டமாக, மாவட்டம் மாவட்டமாக நடத்திய பழக்கமும் உண்டு. அங்கே கிழமையையே கேட்கலாம். 2022இல் பொறுப்பேற்ற நகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அந்தத் தேர்தலுக்கான தேதி பேச்சு தொடங்குவதற்கு முன்பே விசைப்படகுச் சங்கங்களும் நாட்டுப்படகுச் சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு மனு ஆட்சியர் வழியாகச் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் செவ்வாய் அல்லது வியாழன் என்று எழுதுங்கள். பாசி எடுக்கும் பெண்களிடமும் கேட்டு, அவர்களுடைய பிறை நாள்களையும் அதில் சேருங்கள். மனுவை எழுதுவதில் இந்தக் கல்லூரி மாணவர்கள் உதவ முன்வந்தால், சட்டப் பிரிவுகளைச் சரிபார்த்துக் கொடுக்க நான் வருகிறேன்.